வில்லா, கிராஸ்போவா? படிவம் மூன்று தம்பியின் கேள்விக்குப் பதில்

வணக்கம், வணக்கம். குரல் சரியாகக் கேட்கிறதா? வெளியே நல்ல மழை. கடை மாடியில் உட்கார்ந்து பதிவு செய்கிறேன், மேலே தகரக் கூரை. கொஞ்சம் இரைச்சல் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் சாயங்காலம் மழை வருவதைப் பார்த்தால் யாரோ அட்டவணை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றுகிறது.

இன்றைக்கு மைன்கிராஃப்ட் கணினி விளையாட்டைப் பற்றிய ஒரே ஒரு கேள்வியைக் கொஞ்சம் விரிவாகப் பேசலாம் என்று இருக்கிறேன். தோட்டத்துப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி அனுப்பியது. முக்கியமான பகுதியை அப்படியே வாசிக்கிறேன். "அண்ணா, நான் படிவம் மூன்று படிக்கிறேன். கணினியில் மைன்கிராஃப்ட் ஜாவா ஆடுகிறேன். என்னிடம் பவர் 5 போட்ட வில் இருக்கிறது. எதிர் அணியில் ஒருவன் சாதாரணக் கிராஸ்போவை வைத்துக்கொண்டு என்னைத் தினமும் கொல்கிறான். என் அம்புதான் பலம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் அவன் மேல் படவே மாட்டேன் என்கிறது. பட்டாலும் கேடயத்தில் போய்ப் படுகிறது. நானும் கிராஸ்போவுக்கு மாறிவிடட்டுமா?"

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் வில் என்றுதான் சொல்லப்போகிறேன். விளையாடும்போது பிள்ளைகள் வில்லின் ஆங்கிலப் பெயரில் "போ எடு, போ எடு" என்று கத்துவார்கள். எங்கள் வீட்டில் பாட்டி ஒருநாள், "யாரைடா இந்த ராத்திரியில போகச் சொல்ற?" என்று எழுந்தே வந்துவிட்டார். அதிலிருந்து எனக்கு வில் வில்தான். கிராஸ்போவுக்கு, அதாவது அம்பை முன்கூட்டியே ஏற்றி வைத்து ஒரே அமுக்கில் விடுகிற வில்லுக்கு, அந்தச் சிக்கல் இல்லை, அது அப்படியே இருக்கட்டும்.

சரி, தம்பி. உன்னிடம் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. பவர் என்பது வில்லில் ஏற்றுகிற மந்திரம், அம்பின் அடியைக் கூட்டும். முழுசாக இழுத்து விட்ட பவர் 5 அம்பு, கவசம் இல்லாத ஆளுக்குக் குறைந்தது 15 புள்ளி அடி கொடுக்கும். ஓர் ஆளின் மொத்த உயிரே 20 புள்ளி, அதாவது பத்து இதயம். கிராஸ்போ அம்பு 6-லிருந்து 11 வரைதான். கிராஸ்போவுக்குப் பவர் மந்திரமும் ஏறாது. கணக்கில் நீ ஜெயித்துவிட்டாய். பிறகு ஏன் தினமும் சாகிறாய்?

எங்கள் சித்தப்பா செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டியவர். குட்டை மரமாக இருந்தால் உளி. மரம் வளர்ந்துவிட்டால் நீளக் கம்பியில் கட்டிய அரிவாள். எந்தக் கருவி கூர்மை என்று அவரிடம் கேட்டால் சிரிப்பார். மரம் எவ்வளவு உயரம், குலை விழுந்தால் தான் எங்கே நிற்பது, அவர் பார்ப்பது அதைத்தான். நீ என்ன செய்கிறாய் என்றால், குட்டை மரத்துக்கு அடியில் நின்றுகொண்டு இருபதடிக் கம்பியைத் தூக்குகிறாய்.

வில்லை முழுசாக இழுக்க ஒரு விநாடி ஆகும். அந்த ஒரு விநாடியில் உன் கால் என்ன செய்கிறது என்று என்றைக்காவது கவனித்திருக்கிறாயா? இழுத்துக்கொண்டிருக்கும்போது நடை ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஓடவும் முடியாது. எதிரியின் கண் முன்னால் ஒரு விநாடி மரம் மாதிரி நிற்கிறாய். அவசரப்பட்டுப் பாதி இழுப்பில் விட்டால் அம்பின் வேகமும் போச்சு, அடியும் போச்சு. அந்த 15 புள்ளி முழு இழுப்புக்குத்தான்.

கிராஸ்போ இன்னும் மெதுவானது. ஏற்றவே ஒன்றேகால் விநாடி. ஆனால் ஒருமுறை ஏற்றிவிட்டால் ஏற்றியபடியே இருக்கும். பைக்குள் வைக்கலாம், வேறு ஆயுதம் எடுக்கலாம், திரும்ப எடுத்தால் அம்பு அங்கேயே தயாராக இருக்கும். முழு வேகத்தில் ஓடிக்கொண்டே ஒரே அமுக்கு. கைப்பேசிக்கு நாம் ப்ரீபெய்ட் போடுகிறோமே, அதுதான் கிராஸ்போ. காசை முன்னாலேயே கட்டியாகிவிட்டது. வில்லுக்கு ஒவ்வொரு அம்புக்கும் அந்த இடத்திலேயே, சண்டைக்கு நடுவிலேயே கட்டவேண்டும். உன்னைக் கொல்கிறவன் மூலைக்குப் பின்னால் மறைந்து நின்று கட்டிவிட்டு வருகிறான். நீ அவன் முகத்துக்கு நேரே நின்றுகொண்டு சில்லறை எண்ணுகிறாய்.

இரண்டாவது, கேடயம். 2016-இல் 1.9 பதிப்பில் கேடயம் வந்ததிலிருந்து நேருக்கு நேர் வில் சண்டை பாதி செத்துவிட்டது. எதிரி கேடயத்தைத் தூக்கிவிட்டால் உன் 15 புள்ளியும் சைபர். 2019-இல் 1.14-இல் கிராஸ்போ வந்தபோது கூடவே பியர்சிங் மந்திரமும் வந்தது. அது ஏறிய அம்பு கேடயத்தைத் துளைத்துக்கொண்டு போகும். நான்காம் நிலையில் ஒரே அம்பு வரிசையாக ஐந்து பேரைத் தாண்டும். உன் எதிரியிடம் இருப்பது பியர்சிங்காகத்தான் இருக்கும் என்று என் சந்தேகம். நீ கேடயம் பிடித்தும் செத்திருந்தால் அது உறுதி. மல்டிஷாட் என்று இன்னொன்று உண்டு, ஓர் அம்பு செலவில் மூன்று அம்பு விசிறி மாதிரி போகும். பார்க்க அழகு, ஆனால் பியர்சிங்கோடு சேராது, ஆயுதமும் சீக்கிரம் தேயும். கிராமத்தைக் கும்பலாகத் தாக்க வருகிறவர்களுக்கு எடு. ஒற்றை ஆளிடம் வீண். மூன்றும் அவன் மேல் பட்டாலும் மூன்று மடங்கு அடி விழாது. ஒருமுறை அடிபட்டவனுக்கு அரை விநாடி பாதுகாப்பு இருக்கிறது. அதனால்தான் இரண்டு கிராஸ்போ ஏற்றி வைத்திருக்கிறவர்களும் அடுத்தடுத்துப் படபடவென்று எய்யாமல், ஒரு மூச்சு இடைவெளி விட்டு எய்வார்கள்.

இப்போது நீ கேட்டதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அம்பு ஏன் படுவதில்லை?

கொஞ்சம் கணக்கு வருகிறது, ஓடிவிடாதே. முழு இழுப்பில் அம்பு கிட்டத்தட்ட விநாடிக்கு 60 பிளாக் வேகத்தில் கிளம்பும். பிளாக் என்றால் அந்த உலகத்தைக் கட்டியிருக்கிற கட்டம் ஒன்று, அதுதான் நம் அளவுகோல். எதிரி 30 பிளாக் தள்ளி இருந்தால் போய்ச் சேர அரை விநாடிக்குச் சற்று மேல். ஓடுகிற ஆள் விநாடிக்கு ஐந்தரைப் பிளாக்குக்குக் கொஞ்சம் மேலே ஓடுவான். அரை விநாடியில் மூன்று பிளாக் வைத்துக்கொள். ஆளின் அகலமோ முக்கால் பிளாக்கூட இல்லை, 0.6 தான். அவன் மேலேயே குறிவைத்தால் அம்பு அவன் முதுகுக்குப் பின்னால் காற்றில் போகும்.

இதற்கு மேல் நம் ஊர்க் கணக்கு ஒன்று இருக்கிறது. உன் வீடு செம்பனைக்கு நடுவில், அக்காவின் கைப்பேசி லைனைப் பகிர்ந்து ஆடுகிறாய் என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறாய். பிங், அதாவது தகவல் சர்வருக்குப் போய்த் திரும்ப எடுக்கும் நேரம், 200 மில்லிவிநாடி காட்டுகிறதாம். 200 என்றால் ஐந்தில் ஒரு விநாடி. அதற்குள் அவன் இன்னும் ஒரு பிளாக்குக்கு மேல் நகர்ந்திருப்பான். நீ திரையில் பார்ப்பது அவன் இருந்த இடம், இருக்கிற இடம் இல்லை. ஆக மொத்தம் அவனுக்கு நாலு பிளாக் முன்னால் விடவேண்டும். அம்பு கீழே இறங்கும் என்பதால் இரண்டரைப் பிளாக் மேலேயும் விடவேண்டும். ஈப்போவில் நல்ல லைன் உள்ள பையனுக்கு மூன்று போதும், உனக்கு நாலு. அநியாயம்தான், ஆனால் இதுதான் நிலவரம்.

நானும் இந்தக் கஷ்டம் பட்டவன். தோட்டத்து வீட்டில் இருந்தபோது இடி இடித்தால் லைன் போய்விடும். ஆட்டத்தின் கடைசிப் பெரிய எதிரியான எண்டர் டிராகனைக் கொல்லப் போன அன்று, கோபுர உச்சிகளில் இருக்கிற பத்துப் படிகங்களில் ஒன்பதை வில்லால் உடைத்துவிட்டேன். பத்தாவதுக்குக் குறிவைக்கும்போது படம் அப்படியே உறைந்து நின்றது. திரும்ப வந்து பார்த்தால் நான் இல்லை, என் சாமான் மட்டும் தரையில் கிடக்கிறது. அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

அந்த நாலு பிளாக் கணக்கைச் சண்டையில் யாராலும் போட முடியாது. அதனால் நான் கண்டுபிடித்த வழி வேறு. ஓடுகிறவனை விட்டுவிடு. அவன் திசை மாற்ற முடியாமல் மாட்டிக்கொள்கிற நேரம் ஒன்று வரும், அதற்குக் காத்திரு. ஏணியில் ஏறும்போது. உயரத்திலிருந்து குதித்துக் கீழே வரும்போது. எல்லாவற்றையும்விட, அவன் சாப்பிடும்போது. தங்க ஆப்பிள் தின்ன 1.6 விநாடி ஆகும். அத்தனை நேரமும் அவன் கால் ஊர்ந்துகொண்டிருக்கும், கேடயமும் தூக்க முடியாது. உன் வில்லுக்கு ஒரு விநாடிதான் வேண்டும். மீதி உன் பிங்குக்கே போதும். அடிபட்டவன் எப்படியும் ஒளிந்து தின்னத்தான் போவான். அவனைத் துரத்தாதே, எட்டி நின்று இழுத்து வைத்துக்கொள். சாப்பிடுகிறவனை அடிப்பது பாவம் என்று பாட்டி சொல்வார். சர்வரில் அந்தப் பாவம் ஒட்டாது.

அப்படியானால் மாறலாமா என்றால், வில்லைத் தூக்கிப் போட்டுவிடாதே. கூட ஒரு கிராஸ்போ சேர்த்துக்கொள். குவிக் சார்ஜ் 3, பியர்சிங் 4 போட்டால் ஏற்றும் நேரம் அரை விநாடியாகிவிடும். குகை, வீட்டுக்குள், சந்து, மூலை எல்லாவற்றுக்கும் அதுதான் கையில் இருக்கவேண்டும். மேடு, மதில், நீளமான வெட்டவெளி கிடைத்தால் வில். உன் 15 புள்ளி அங்கேதான் பேசும்.

செலவையும் பார். வில்லுக்கு இன்ஃபினிட்டி ஏற்றினால் பையில் ஒரே ஓர் அம்பு இருந்தால் போதும், தீராது. ஆனால் தேய்ந்த ஆயுதத்தைச் சரிசெய்கிற மெண்டிங் மந்திரத்தோடு சேர்த்துப் போட முடியாது, இரண்டில் ஒன்றுதான். மருந்து தோய்த்த அம்புக்கும் அந்தச் சலுகை கிடையாது. கிராஸ்போவுக்கு இன்ஃபினிட்டியே ஏறாது, அம்பைத் தின்றுகொண்டே இருக்கும். ஒரு சிக்கிமுக்கிக்கல், ஒரு குச்சி, ஓர் இறகு சேர்த்தால் நாலு அம்பு. சரளையைத் தோண்டினால் பத்துக்கு ஒன்றில்தான் அந்தக் கல் வரும், கை ஓய்ந்துவிடும். நான் செய்வது, கிராமத்தில் அம்பு செய்கிறவரிடம் 32 குச்சி கொடுத்து ஒரு மரகதம் வாங்கி, அதே மரகதத்தை அவரிடமே கொடுத்து 16 அம்பு வாங்குவது. மரம் வெட்டத் தெரிந்தவன் அம்புக்கு அலைய வேண்டாம்.

சூலத்தைப் பற்றியும் கேட்டிருந்தாய், போகிற போக்கில். டிரைடன்டை எங்கள் பிள்ளைகள் சூலம் என்றுதான் சொல்வார்கள், காளியம்மன் கோயிலில் தினம் பார்க்கிறதுதானே. எறிந்தால் 8 புள்ளி. தண்ணீருக்குள் அம்பு நாலடி போவதற்குள் சோர்ந்துவிடும், சூலம் சோராது. கடலில் சண்டை என்றால் அது மட்டும்தான் உதவும். லாயல்டி மந்திரம் போடாமல் எறியாதே, திரும்பி வராது. தரையில் சண்டைக்கு உனக்கு அது தேவையில்லை.

எண்டர்மேன் என்கிற நெட்டைக் கறுப்பு உருவத்தின் மேல் மட்டும் அம்பை வீணாக்காதே. அது படுவதற்கு முன்னால் மறைந்துவிடும். நான் ஒரு கட்டு அம்பு விட்டுத்தான் இதைக் கற்றுக்கொண்டேன்.

பயிற்சிக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு வைக்கோல் கட்டு, நாலு ரெட்ஸ்டோன் தூள் (ஆட்டத்தில் மின்சாரம் மாதிரி வேலை செய்வது) சேர்த்தால் டார்கெட் பிளாக், அதாவது குறிப்பலகை, கிடைக்கும். அதை வைத்துவிட்டு 10, 20, 30 பிளாக் தள்ளி நின்று அடித்துப் பார். ரெட்ஸ்டோன் கம்பியை அதனோடு இணைத்து வைத்தால், நடுவில் எவ்வளவு நெருங்கிப் பட்டதோ அவ்வளவு தூரம் கம்பி ஒளிரும். 30-இல் எவ்வளவு மேலே தூக்கவேண்டும் என்பது இரண்டு நாளில் கைக்கு வந்துவிடும். அப்புறம் உன் தம்பியையோ தங்கச்சியையோ குறுக்கே ஓடச் சொல். பவர் இல்லாத வில்லோடு அடி, இல்லையென்றால் வீட்டில் நிஜச் சண்டை வந்துவிடும்.

மழை விட்டுவிட்டது போல இருக்கிறது. அடுத்தது ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "நெதரில் கட்டில் போட்டுப் படுக்கப் போனேன், ஏன் அண்ணா வெடித்தது?" இருங்கள், ஒரு வாய் தே ஓ குடித்துவிட்டு வருகிறேன்.