பாதரைக் கடைசியில் கூப்பிடாதீர்கள்

வானொலி நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

நான் ஒரு கத்தோலிக்கக் குரு. ஆஸ்பத்திரிக்குப் போய் நோயாளரோடு இருப்பதுதான் பல வருடங்களாக எனக்குத் தரப்பட்டிருக்கும் பணி. கடிதங்களில் ‘வைத்தியசாலை ஆன்மகுரு’ என்று எழுதுவார்கள். வார்டில் எல்லோருக்கும் ‘பாதர்’, சைவ ஆச்சிமாருக்குச் ‘சாமி’. அந்தப் பணியைப் பற்றிக் கதைக்கச் சொல்லி நிலையத்தார் அழைத்திருக்கிறார்கள். நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒரே ஒரு விஷயம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எங்களைக் கடைசியில் கூப்பிடாதீர்கள். நோயாளி வாய் திறந்து கதைக்கக்கூடிய நேரத்தில் கூப்பிடுங்கள்.

உங்களில் பலர் பெரியாஸ்பத்திரியில் ஓர் இரவாவது துணைக்கு நின்றிருப்பீர்கள். மத்தியானம் சாப்பாட்டுப் பையோடு கேற்றடியில் காத்து நிற்காத வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்தில் குறைவு. ஆகவே வார்டு எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. வெள்ளை அங்கி போட்ட ஒருவர் உள்ளே வந்தால் என்ன நடக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன். கதை நின்றுவிடும். எந்தக் கட்டிலுக்குப் போகிறார் என்று எல்லோருடைய கண்ணும் பின்னால் வரும். நான் ஒரு கட்டிலடியில் நின்றால், பக்கத்துக் கட்டிலில் இருப்பவரின் மனைவி ‘ஐயோ பாவம்’ என்று மெல்லச் சொல்லுவார். நான் நிற்கும் கட்டிலில் இருப்பவரோ குடலிறக்க ஒப்பரேசனுக்கு வந்து, நாளைக்கு வீட்டுக்குப் போக இருப்பவராக இருப்பார்.

இந்தப் பயம் சும்மா வந்ததில்லை. எங்கள் திருச்சபையில் நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் ஒரு திருவருட்சாதனம் உண்டு. யாக்கோபின் திருமுகத்திலேயே அது இருக்கிறது: ஒருவர் நோயுற்றால் மூப்பரை அழையுங்கள், அவர்கள் எண்ணெய் பூசிச் செபிக்கட்டும் என்று. சாகிறவரை அழையுங்கள் என்று அங்கே எழுதவில்லை. ஆனால் ஐரோப்பாவின் இடைக்காலத்தில் அது சாகும் தறுவாயில் மட்டும் கொடுப்பதாக ஒடுங்கிப்போனது. எங்கள் அம்மம்மாமார் ‘அவஸ்தைப் பூசுதல்’ என்றுதான் சொல்லுவார்கள். உலகத்துக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, 1972 இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அந்தச் சடங்கைத் திருத்தி ‘நோயில் பூசுதல்’ ஆக்கினார். ஒப்பரேசனுக்கு முதல் பெறலாம், வயோதிபத்தால் தளர்ந்தவர் பெறலாம், ஒருமுறை பெற்றவர் பிறகும் பெறலாம். இதெல்லாம் மாறி அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. வீடுகளில் மட்டும் மாறவில்லை. மூச்சு இழுக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்குத் தொலைபேசி வருகிறது. நான் போய்ச் சேரும்போது அந்த மனிதருக்குக் காதும் கேட்பதில்லை. சொல்ல இருந்ததெல்லாம் அவரோடேயே போகிறது.

சைவக்காரருக்கு இன்னொரு பயம். அதையும் மூடி மறைக்காமல் கதைப்போம். ‘பாதர் வாறார், மதம் மாத்தப் போறார்’ என்ற பயம். நோயில் கிடக்கிறவரின் பலவீனத்தைப் பயன்படுத்தி அவருடைய நம்பிக்கையில் கை வைப்பது அநியாயம் என்றே நான் சொல்லுவேன். நோயாளிக்கு எது துணையோ அதைக் கட்டிலடிக்குக் கொண்டுவருவதுதான் என் வேலை. சைவ ஆச்சிக்குத் தேவாரம் வேண்டுமென்றால் பாடத் தெரிந்த பேத்தியைத் தேடிப் பிடிப்பேன். ஐந்து சந்திப் பக்கத்து முஸ்லிம் பெரியவர் என்றால் மௌலவிக்கு அறிவிப்பேன். கட்டிலைக் கிப்லாவுக்கு, அதாவது அவர்கள் தொழும் மக்காத் திசைக்கு, நேரே திருப்ப முடியுமா என்று தாதியைக் கேட்பேன். ஒரு கடவுளையும் கும்பிடாதவர் என்றால் அவரோடு சும்மா இருந்து கதைப்பேன்.

இனி ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரையும் சில விபரங்களையும் மாற்றித்தான் சொல்கிறேன். கட்டிலடியில் கேட்டது கட்டிலடியிலேயே இருக்க வேண்டும். இதைச் சொல்லலாம் என்று அவருடைய மகளே எனக்கு அனுமதி தந்தவர்.

ஐயா இளைப்பாறிய ஆசிரியர். வயிற்றில் புற்றுநோய். நான் வார்டுக்குள் போக முதலே மகள் வாசலில் மறித்தார். “பாதர், அப்பாவுக்கு ஒண்டும் தெரியாது. அல்சர் எண்டுதான் சொல்லி வைச்சிருக்கிறம். ஒண்டும் சொல்லிப் போடாதேங்கோ.” சரி என்றேன். உள்ளே போனால் ஐயா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். “நான் சைவம்.” “தெரியும் ஐயா. கொஞ்ச நேரம் இருக்கலாமோ?” “இருங்கோ, ஆர் வேண்டாமெண்டது.” இருந்தேன். அன்றைக்கு வேறு ஒரு கதையும் இல்லை. அடுத்த தடவை போனபோது அவராகவே திரும்பினார். “தலைமாட்டு அட்டையில எழுதியிருக்கிறதை வாசிச்சனான். இங்கிலீஷ் படிப்பிச்ச ஆள் நான். எனக்குத் தெரியும் எண்டு மகளுக்குச் சொல்லிப் போடாதேங்கோ. பாவம், வெளியில போய் அழுதிட்டு, முகத்தைக் கழுவிப்போட்டு வந்து சிரிக்கிறாள்.”

தகப்பனும் மகளும் ஒருவரையொருவர் காப்பாற்றுவதற்காக ஆளுக்கொரு பக்கம் தனியே கிடந்தார்கள். நேயர்களே, இது நம் வீடுகளில் எத்தனை தடவை நடக்கிறது! ‘ஒண்டுமில்லை அப்பா, சுகமாயிடும்’ என்று சொல்லும்போது அன்பாகத்தான் சொல்கிறோம். ஆனால் அந்த வார்த்தையோடு அவருடைய வாய் மூடப்படுகிறது. பயத்தைச் சொல்ல அதற்குப் பிறகு அவருக்கு ஆள் இல்லை.

பிறகொரு நாள் ஐயா அப்பர் சுவாமிகளின் கதையை எடுத்தார். “அப்பருக்கும் வயித்திலதான் வருத்தம், சூலை. அவருக்குத் திருநீறு குடுக்கத் திலகவதியார் எண்டு ஒரு தமக்கை இருந்தவ.” கொஞ்ச நேரம் பேசாமல் கிடந்தார். “எனக்கும் ஒரு தம்பி இருக்கிறான். கதைக்கிறேல்லை.” காரணம் உங்களுக்கு விளங்கியிருக்கும். எல்லை வேலிதான். வேலியில் நின்ற ஒரு பனையை யார் தறிப்பது என்று தொடங்கி, கோட்டுக்குப் போய், ‘என்ரை செத்தவீட்டுக்கும் அவன் வரக்கூடாது’ என்ற இடத்தில் வந்து நின்றிருந்தது. இப்போது அந்தச் சொல்தான் அவரை நித்திரை கொள்ள விடவில்லை. வயிற்று நோவுக்கு ஊசி போட்டால் கொஞ்சம் குறையும். இதற்கு ஊசி இல்லை.

மன்னித்துவிடுங்கள் என்று நான் பிரசங்கம் பண்ணவில்லை. “தம்பியாரின்ரை நம்பர் ஆரிட்டை இருக்கும்?” என்று மட்டும் கேட்டேன். மகளிடம், “அப்பா மனசுக்குள்ள என்ன யோசிக்கிறார் எண்டு நீங்களே ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ பிள்ளை” என்றேன். அன்றிரவு இரண்டு பேரும் கதைத்திருக்கிறார்கள்.

தம்பியார் ஒரு பின்னேரம் வந்தார். கக்கத்தில் குடை. கட்டிலின் கால்மாட்டில் நின்றார். ஐயா கண்ணைத் திறந்து பார்த்தார். “வெளியில மழையோ?” “இல்லை அண்ணை, வெயிலுக்குப் பிடிச்சனான்.” வேலியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கொஞ்சம் பொறுத்து, “தாடி வளந்து கிடக்குது” என்றார் தம்பியார். மறுநாள் ரேசரும் சவர்க்காரமும் ஒரு கிண்ணமும் கொண்டுவந்தார். மூக்கில் கிடந்த ஒக்சிசன் குழாயை ஒரு விரலால் ஒதுக்கி, தளர்ந்துபோன கன்னத்தை இழுத்துப் பிடித்து, நாடியடியிலிருந்து ஆறுதலாக வழித்தார். மகள் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஐயா கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்: “மீசையில கை வைக்காதை.”

ஐயா வீட்டில்தான் காலமானார். கனடாவில் இருந்த மகன் நேரத்துக்கு வந்து சேர முடியவில்லை. கொள்ளி வைத்தவர் தம்பியார். மூச்சு இழுக்கும் நேரத்தில் என்னைக் கூப்பிட்டிருந்தால் இதில் எது நடந்திருக்கும்? அதனால்தான் திரும்பவும் சொல்கிறேன், நேரத்தோடு கூப்பிடுங்கள்.

இந்த விதமான நோவுக்கு வைத்திய உலகத்தில் இடம் வாங்கிக் கொடுத்தவர் சிசிலி சோண்டர்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. முதலில் தாதி, பிறகு சமூகப் பணியாளர், அதற்கும் பிறகு படித்து டொக்ரர் ஆனவர். 1967 இல் லண்டனில், இறுதிக்கால நோயாளரைப் பராமரிக்கும் செயின்ற் கிறிஸ்ரோபர் இல்லத்தைத் திறந்தார். உடம்பு நோவு, மன நோவு, குடும்பத்தாலும் காசாலும் வருகிற நோவு, ஆன்ம நோவு, எல்லாம் ஒரே நோவாகத்தான் மனிதனை வருத்துகிறது என்பது அவர் கருத்து. நெடுந்தீவில் இருந்து படகேறிக் குறிகட்டுவானுக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து வரும் ஒரு நோயாளியிடம் கேட்டுப் பாருங்கள். மருந்தைப் பற்றிச் சொல்ல முதல், திரும்பிப் போகும் படகைப் பற்றித்தான் சொல்லுவார். காணாமல் ஆக்கப்பட்ட மகனுக்காகக் காத்திருக்கும் ஒரு தாய் என்னிடம் கேட்டார்: “நான் இஞ்ச கிடந்தால், அவன் வந்தால் ஆர் கதவு திறக்கிறது?” அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. மகனுடைய பெயரைக் கேட்டேன். அவர் மகனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார், நெடுநேரம் சொன்னார்.

எங்களைப் போன்ற வைத்தியசாலை ஆன்மகுருக்களின் பயிற்சிக்கு வித்திட்டவர் அன்ரன் பொய்சன் என்ற அமெரிக்கப் போதகர். தாமே மனநோயாளியாக ஆஸ்பத்திரியில் இருந்து மீண்டவர். 1925 இல் இறையியல் மாணவரை வூஸ்ரர் மனநல வைத்தியசாலைக்குக் கூட்டிப்போய், புத்தகத்தை வாசிப்பதைப்போல நோயாளியையும் கவனமாக வாசியுங்கள் என்றார். நம் மண்ணுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1820 இல் பண்டத்தரிப்புக்கு வந்த அமெரிக்க மிஷனரி ஜோன் ஸ்கடர் வைத்தியரும் போதகருமாக இருந்தவர். பிறகு மானிப்பாயில் இன்னொரு அமெரிக்க மிஷனரியான டொக்ரர் கிறீன் வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். தன் வருத்தத்தைத் தன் பாஷையில் விளங்கிக்கொள்ள ஒரு யாழ்ப்பாணத்தானுக்கு அப்போதே வழி செய்து தந்தார்கள். இன்றைக்கு அவனுக்குத் தெரியாமல் இங்கிலீஷ் அட்டைக்குள் வைத்து மறைக்கிறோமே!

நேரம் முடியப் போகிறது என்று கண்ணாடிக்கு அங்கால் இருந்து கை காட்டுகிறார்கள். ஊழியரைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். பெரியாஸ்பத்திரி 1987 ஒக்ரோபர் 21, தீபாவளி நாளில், கடமையில் இருந்த வைத்தியரையும் தாதியரையும் ஊழியரையும், கட்டிலில் கிடந்த நோயாளரையும் துப்பாக்கிச் சூட்டுக்குப் பறிகொடுத்த இடம். ஆண்டுதோறும் அந்த நாளில் அங்கே விளக்கேற்றுகிறார்கள். இரவு வேலையில் ஒரு பிள்ளையின் கண்ணை மூடிவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஊசி போடப் போகும் தாதிக்கும் இருந்து கதைக்க ஓர் ஆள் வேண்டும். எங்கள் நேரத்தில் ஒரு பகுதி அவர்களுக்கு.

நோயாளி பார்க்கப் போகிறவர்களுக்கு அவசரமாக இரண்டு வார்த்தை. கால்மாட்டில் நின்று கதைக்காமல் ஸ்ரூலை இழுத்து இருங்கள். இதே வருத்தத்தில் செத்த உங்கள் சொந்தக்காரரின் கதையை அங்கே எடுக்க வேண்டாம். கட்டிலில் கிடப்பவரைப் படமெடுத்து முகநூலில் போடவும் வேண்டாம். செபிப்பதோ திருநீறு பூசுவதோ, அவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

உங்களுக்குக் குருவோ ஐயரோ மௌலவியோ வேண்டுமென்றால் வார்டுத் தாதியிடம் முதல் நாளே சொல்லி வையுங்கள், பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள். நன்றி, வணக்கம்.