சாமி அவங்களுது, நாம ஒறம்பரை: வெளிநாட்டுல பிற மதக் கோயில்களுக்குள்ள போறது எப்படி?

[திரையில்: சிங்கப்பூர், சவுத் பிரிட்ஜ் ரோடு. கடைவரிசை மேல கோபுரம் தெரியுது.]

வணக்கமுங்க. நம்ம கோயமுத்தூர் பீளமேட்டுல ஃபிளைட் ஏறினா நேரா சிங்கப்பூர்ல இறங்கிக்கலாம். அங்க சைனாடவுன்ல ஒரு ரோடு. கதவு எண் 218, ஜாமியா சூலியா பள்ளிவாசல். சோழமண்டலக் கரையில இருந்து போன தமிழ் முஸ்லிம்க 1826-ல உண்டாக்கினது. எண் 244, ஸ்ரீ மாரியம்மன் கோயில், 1827. இன்னும் கொஞ்சம் நடந்தா 288, புத்தர் பல் கோயில். அது 2007-ல வந்தது. பக்கத்துச் சந்துக்குப் பகோடா ஸ்ட்ரீட்னு பேரு. புத்தர் கோயிலை வெச்சு வந்த பேருன்னு நினைச்சேன். இல்லீங்க, நம்ம மாரியம்மன் கோபுரத்தைப் பார்த்துத்தான் அந்தப் பேரு வந்திருக்குது.

மாரியம்மன் கோயில்ல எனக்கு யாரும் ஒண்ணும் சொல்லித் தர வேண்டியதில்லை. அங்க ஐப்பசி வாக்குல தீமிதி நடக்கும். பண்ணாரி குண்டம் பார்த்தவனுக்கு அது ஒண்ணும் புதுசில்லையே. ஆனா அங்கிருந்து பொடிநடையா வந்து பள்ளிவாசல் படியில கால் வெச்சேன் பாருங்க, கையை எங்க வைக்கறதுன்னே தெரியலை. கும்பிடறதா, கட்டிக்கறதா, சும்மா தொங்கப் போடறதா?

[திரையில்: வேப்பமரத்தடியில பொங்கப் பானை பொங்குது.]

நம்ம குலதெய்வக் கோயிலை நினைச்சுப் பாருங்க. பங்காளிக எல்லாம் கூடிப் பொங்க வெச்சுட்டு இருக்கறோம். ஒருத்தர் காரை நிறுத்திட்டுச் செருப்போட வர்றாரு, பூசாரி மூஞ்சிக்கு நேரா கேமராவை நீட்டறாரு. விடுவமா? அதே ஆளு வேலிக்கு அக்கட்டால நின்னு, "உள்ள வரலாமுங்களா?"ன்னு கேட்டா, சாப்புட்டுத்தான் போகோணும்னு எலை போட்டுருவோம். வெளிநாட்டுல நாம அந்த ரெண்டாவது ஆளா இருக்கோணும். ஒறம்பரை, அதாவது வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி.

துணிமணி விஷயத்தைச் சட்டுனு முடிச்சிடறேன். தோளும் முட்டியும் மூடியிருக்கோணும். ரோம்ல புனித பேதுரு பேராலயத்துக்கு டிக்கெட் கிடையாது, ஆனா அரை டவுசரோட போனா வாசல்லயே நிறுத்திருவாங்க. குருவாயூர்ல சட்டையைக் கழட்டச் சொன்னா பேசாம கழட்டறோம்ல, அதே மாதிரிதான். பள்ளிவாசலுக்குச் சேலை கட்டிட்டுப் போற அம்மிணிகளுக்கு ஒரு சங்கதி: முந்தானையைத் தலையில போட்டா மட்டும் பத்தாது, கையும் இடுப்பும் மறையோணும். பையில ஒரு பெரிய துப்பட்டா வெச்சுக்குங்க.

அடுத்தது நேரம். இஸ்தான்புல் நீல மசூதியில தொழுகை நேரத்துல சுத்திப் பார்க்க வர்றவங்களை உள்ள விடமாட்டாங்க. எதிர்த்தாப்புல இருக்கற ஹாகியா சோபியா கதை பெருசு. 537-ல சர்ச், 1453-ல மசூதி, 1935-ல மியூசியம், 2020-ல மறுபடியும் மசூதி. 2024 ஜனவரியில இருந்து சுற்றுலாக்காரங்களுக்கு டிக்கெட் வாங்கிட்டு மாடியில மட்டும்தான். "இது மியூசியம்தானே, எங்க மாமா பார்த்துட்டு வந்தாரே"ன்னு வாசல்ல வாதாடிப் பிரயோசனமில்லை. இன்னைக்கு யாரு கும்பிடறாங்களோ அவங்க கணக்குத்தான்.

[திரையில்: கண்டி தலதா மாளிகை. தட்டு நிறையத் தாமரை.]

இனி நான் பண்ணின கூத்து. இலங்கையில கண்டி தலதா மாளிகைங்கற புத்தர் கோயில்ல பூத்தட்டு வாங்கினேன். பூவை மோந்து பார்க்காம கொண்டு போகோணும், நம்ம வழக்கமேதான். மேளச் சத்தம் நெஞ்சுல அதிருது. அந்த சந்தோஷத்துல புத்தர் சிலைக்கு முன்னாடி திரும்பி நின்னு ஒரு செல்ஃபி. பக்கத்துல வெள்ளைச் சேலை கட்டின ஒரு பாட்டி, ஒரு வார்த்தை பேசலை. என் தோளைப் பிடிச்சு மெதுவா சிலைப் பக்கம் திருப்பி விட்டாங்க. புத்தருக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்கறது இலங்கையில பெரிய அவமரியாதைங்க. படத்தை அங்கயே அழிச்சேன்.

நம்மாளுக அதிகமா தடுமாறறது சர்ச்லதான். கருமத்தம்பட்டி மாதா கோயிலுக்கு யாரு வேணா போறோம், மெழுகுவத்தி ஏத்தறோம். அந்தப் பழக்கத்துல வெளியூர்ல பூசை நடக்கறப்ப எல்லாரும் வரிசையில போறாங்கன்னு நாமளும் போய்க் கையை நீட்டிருவோம். அது நம்மூர்ப் பிரசாதம் மாதிரி இல்லீங்க. நற்கருணை, ஏசுவோட உடல்னு அவங்க நம்பி வாங்கறது. கத்தோலிக்கருக்கு மட்டும். எடத்துலயே உக்காந்திருங்க, யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. அதுவே சீக்கியங்க கோயிலான குருத்துவாரான்னா தலையில துணியைக் கட்டிட்டுப் பந்தியில உக்காந்துருங்க. அங்க சாப்பிடாம வந்தாத்தான் வருத்தப்படுவாங்க.

உள்ளயே விடாத எடமும் உண்டு. மெக்காவுக்குள்ள முஸ்லிம் அல்லாதவங்க போக முடியாது. காட்மாண்டு பசுபதிநாதர் மூலக்கோயிலுக்குள்ள இந்து அல்லாதவங்க போக முடியாது. அவ்வளவு தூரம் எதுக்கு, நம்ம பழனியில கொடிமரத்தைத் தாண்டி யாரு போகலாம்னு 2024 ஜனவரியில மதுரை உயர் நீதிமன்றக் கிளை உத்தரவே போட்டுச்சு. அது சரியா தப்பான்னு ஊருக்கு வந்து நெம்ப நேரம் பேசலாம். வாசல்ல நிக்கற காவலாளிகிட்டப் பேசாதீங்க.

[திரையில்: அபுதாபி ஷேக் சாயித் பெரிய பள்ளிவாசல், வெள்ளைக் குவிமாடங்க.]

கடைசியா அபுதாபி. 82 குவிமாடம், நுழைவு இலவசம், முன்கூட்டியே ஆன்லைன்ல பதிஞ்சுட்டுப் போகோணும். எங்க அம்மாயியை, அம்மாவோட அம்மாவை, கூட்டிட்டுப் போயிருந்தேன். தொழுகைக் கூடத்துல ஒரே கம்பளம், 5,627 சதுர மீட்டர். நம்ம தோட்டத்துக் கணக்குல ஏறக்குறைய 1.4 ஏக்கர். ஈரான்ல ஏறத்தாழ 1,200 பேரு கையால முடிச்சுப் போட்டு நெய்தது. அதை மிதிக்காம, நமக்குன்னு விட்டிருக்கற பாதையில ஓரமாத்தான் போகோணும். அம்மாயி பவானிக்காரங்க, ஜமுக்காளத் தறிச் சத்தத்துலயே வளர்ந்தவங்க. மேல தொங்கற சரவிளக்கை ஒருக்காக் கூட நிமிர்ந்து பார்க்கலை. குனிஞ்சு குனிஞ்சு கம்பளத்தையே பார்த்துட்டு வந்தவங்க, வெளிய வந்து செருப்பை மாட்டறப்பக் கேட்டாங்க:

"ஏங் கண்ணு, இத்தாப்பெருச எங்க கொண்டு போய் அலசுவாங்க?"