மடாலயத்துல பத்து நாள் படிக்கப் போற நாஞ்சில் பிள்ளைகளுக்கு

வணக்கம் மக்களே. மே மாச லீவுல தர்மசாலா பக்கம் போய், திபெத்திய பௌத்த முறைப்படி தங்கிப் படிக்கிற கோர்சுல சேரப்போற பிள்ளைகளுக்காக இந்த வீடியோ. நாகர்கோவில்ல இருந்து கிளம்புறவங்களுக்கு என்னெல்லாம் தெரிஞ்சிருக்கணுமோ அத மட்டும் சொல்லுதேன்.

முதல்ல ஒண்ணு. மனசுக்கு ஓய்வு கிடைக்கும்னு நெனச்சு பெட்டி கட்டாதீங்க. இது படிப்பு. காலையில ஒரு தியானம், சாயந்திரம் ஒரு தியானம், நடுவுல ரெண்டு நேரம் பாடம், ஒரு மணி நேரம் கலந்துரையாடல், அதுபோக ஆளுக்கொரு வேலை. பாத்திரம் கழுவுறதோ கக்கூஸ் கழுவுறதோ, எது வந்தாலும் பத்து நாளும் அது உங்க பொறுப்பு. தர்மசாலா மலையில உள்ள மெக்லியோட்கஞ்சுக்கு மேல, தர்மகோட்டுல 1972ல தொடங்கின துஷிதா இந்த மாதிரி கோர்சுக்குப் பேர் போன இடம். அது மடாலயம் இல்ல, தியான மையம். ஆனா ஒழுங்கு எல்லாம் மடாலய ஒழுங்குதான். கலந்துரையாடல் நேரம் தவிர பேச்சு கிடையாது, போனையும் வாங்கி வச்சிருவாங்க.

போக்குவரத்த சட்டுன்னு சொல்லிடுதேன். கன்னியாகுமரியில இருந்து வாரத்துக்கு ஒரு நாள் கிளம்புற ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ்ல ஏறினா, வண்டி மாறாம பதான்கோட் கண்டோன்மென்ட்ல இறங்கலாம். ஏறக்குறைய மூணு நாள் பயணம். அங்கிருந்து தர்மசாலா சுமார் 90 கிலோமீட்டர், பஸ் இருக்கு. திரும்பி வாரதும் வாரம் ஒரே நாள்தான்கிறதால, கோர்ஸ் முடியுற தேதியும் வண்டி நாளும் ஒத்துவருதான்னு மொதல்ல பாருங்க. ஒத்துவரலன்னா திருக்குறள் எக்ஸ்பிரஸ்ல டெல்லி போய், ராத்திரி பஸ் பிடிக்கணும். முன்பதிவு 60 நாளைக்கு முன்னால தொறக்கும். மே மாச டிக்கெட்டுக்குக் காத்திருக்கக் கூடாது, போறதும் வாரதும் அந்தந்த நாள் தொறந்த உடனே போட்டிருங்க.

குளிர நம்ம ஊர்ப் பிள்ளைகள் குறைச்சு மதிப்பிடுதாங்க. அது 2000 மீட்டருக்குப் பக்கத்துல உள்ள எடம். மே மாசம் பகல்ல வெயில் சுகமா இருக்கும், விடியக்காலை தியான மண்டபத்துத் தரை ஐஸ் மாதிரி இருக்கும். செருப்ப வெளிய விட்டுட்டுத்தான் உள்ள போகணும். அதனால கம்பளிக் காலுறை ரெண்டு ஜோடி, ஸ்வெட்டர், ஒரு சால்வை. தோளும் முட்டும் மூடுற உடுப்பு. ஷூ வேண்டாம், ஒரு நாளைக்குப் பத்துத் தடவை லேஸ் கட்டி அவுக்க முடியாது. ரெண்டு தோர்த்து போதும், சீக்கிரம் காயும். சென்ட் போடாதீங்க, பக்கத்துல இருக்கவங்களுக்கு மூச்சு எண்ணவே முடியாது.

சாப்பாடு சைவம். மீன் கறி இல்லாம சோறு எறங்காதவங்க இப்பமே பழகுங்க. பருப்பு, சோறு, காய்கறி, ஆவியில வேகவச்ச திங்மோன்னு ஒரு ரொட்டி, துக்பான்னு ஒரு சூப். சாயான்னு நெனச்சு வாங்குறது சில நேரம் உப்பும் வெண்ணெயும் போட்ட திபெத்தியத் தேநீரா இருக்கும். அத சாயாவா நெனச்சுக் குடிச்சா ஓங்கரிக்கும், சூப்பா நெனச்சா எறங்கும். மூணாம் நாள் வயிறு கட்டுதுன்னா காரணம் சாப்பாடு இல்ல, குளிர்ல தாகம் எடுக்காம தண்ணி குடிக்க மறக்கிறதுதான்.

உக்காருறது. நாம சின்னதுலேயே சம்மணம் போட்டு வளந்தவங்க, அதனால இது லேசுன்னு தோணும். பந்தியில இருவது நிமிசம் இருக்கிறது வேற, முக்கால் மணி நேரம் அசையாம இருக்கிறது வேற. வெறுந்தரையில இருந்தா இடுப்பு பின்னால சரியும், முதுகு கூனும், பத்து நிமிசத்துல கால் மரத்துப்போகும். பழைய ஜமுக்காளத்த நல்லா இறுக்கி மடிச்சு நாலு விரக்கடைக்கு மேல உயரம் வச்சு, அதோட முன் ஓரத்துல மட்டும் உக்காருங்க. முட்டு ரெண்டும் இடுப்புக்குக் கீழ எறங்கி தரையத் தொடணும். அப்பம் முதுகு தானா நிமிரும். இடது உள்ளங்கை மேல வலது, பெருவிரல் ரெண்டும் லேசா முட்டட்டும். கண்ண முழுசா மூடாதீங்க, மூடினா தூக்கம் வரும். முன்னால தரையப் பாத்துப் பாதி தொறந்தே இருக்கட்டும். மூச்ச ஒண்ணுல இருந்து இருவத்தொண்ணு வரை எண்ணணும், நடுவுல விட்டுப்போச்சுன்னா திரும்ப ஒண்ணு. சிதறால் மலை ஏறி அந்தப் பாறையில உக்காந்து பழகிப் பாருங்க, ஏறுன மூச்சிரைப்பு அடங்க எவ்வளவு நேரம் ஆகுதுன்னும் தெரியும். ஒரு விஷயம், அங்க செதுக்கியிருக்கிறது தீர்த்தங்கரர்கள். சமணப் பள்ளி அது. புத்தர்னு வீடியோவுல யாரும் போடாதீங்க.

இப்பம் கேமராவ கிட்ட கொண்டுவாரேன். ஏழு கிண்ணம் வச்சிருக்கேன், பாருங்க. புத்தர் சிலைக்கு முன்னால உள்ள மேடையில காணிக்கையா தண்ணி வைக்கிற வேலை உங்களுக்கு வந்தா இப்படித்தான். மொதல்ல உலர்ந்த துணியால தொடைக்கணும். காலிக் கிண்ணத்த நிமித்தி வைக்கக் கூடாது, அதுதான் எல்லாரும் செய்யுற தப்பு. அடுக்கின கிண்ணத்துல மேல உள்ளதுல தண்ணி ஊத்தி, கொஞ்சம் மட்டும் உள்ள நிறுத்திட்டு மிச்சத்த அடுத்ததுல ஊத்தி, ஒண்ணொண்ணா வைங்க. இடதுல இருந்து வலதுக்கு, நேர்கோட்டுல. ரெண்டு கிண்ணத்துக்கு நடுவுல ஒரு வாற்கோதுமை மணி போற இடைவெளிதான். நமக்கு நெல்மணின்னு வச்சுக்கிடுங்க. ரொம்ப விலகினா குருவ விட்டு விலகுறதுன்னு சொல்லுவாங்க. அப்புறம் திரும்ப இடதுல இருந்து நிரப்பிட்டு வரணும். விளிம்புக்கு ஒரு நெல்மணி அளவு கீழ நிறுத்துங்க. பைய ஊத்தணும், சிந்துனா கீழ விரிச்ச துணி நனைஞ்சு கறையாகும். தண்ணி மேல மூச்சு படாம வாயில துணி கட்டிக்கிடுங்க. சாயந்திரம் வலதுல இருந்து இடதுக்கு எடுத்து, தண்ணிய செடிக்கு ஊத்தி, தொடச்சு, கவுத்தி வைக்கணும். அவசரமா செஞ்சா கோடு வளையும், வளைஞ்சா எல்லாத்தையும் எடுத்துட்டு மறுபடி.

பாடம் நடத்த ஆசிரியர் வந்தா எழுந்திரிக்கணும். அவர் உக்காந்த பெறவு மூணு தடவை விழுந்து வணங்குவாங்க. கூப்பின கை உச்சி, தொண்டை, நெஞ்சு தொட்டு, ரெண்டு முட்டு, ரெண்டு உள்ளங்கை, நெத்தி தரையில படணும். மனசு ஒப்பலன்னா சும்மா நிக்கலாம், யாரும் கட்டாயப்படுத்த மாட்டாங்க. ஆனா பாடப் புத்தகத்த தரையில வைக்கிறதும் தாண்டிப் போறதும் கூடவே கூடாது. நாம புத்தகத்துல கால் பட்டா தொட்டுக் கும்புடுறோம்லா, அதே உணர்வுதான்.

இனி சொல்லப்போறதுதான் எனக்கு முக்கியம். பாடம் இங்கிலீஷ்ல நடக்கும், நடுநடுவுல சமஸ்கிருதமும் திபெத்தியமும் வரும். நம்ம பிள்ளைகள் மெரண்டு போறது அங்கதான். ஆனா அந்தப் பாடத்துக்கான சொல் தமிழ்ல எப்பமோ இருக்கு. மடாலய வாசல் சுவர்ல ஒரு பெரிய சக்கரப் படம் இருக்கும். நடுவுல சேவல், பாம்பு, பன்னி: ஆசை, கோபம், அறியாமை. வெளி வட்டத்துல பன்னிரண்டு படம். மணிமேகலையோட கடைசிக் காதையில வார பன்னிரண்டு சார்புகள்தான் அது, ஒண்ணச் சார்ந்து அடுத்தது வரும்னு பிறப்புக்கும் சாவுக்கும் காரணம் காட்டுற சங்கிலி: பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன். கம்பு ஊனுன குருடர் பேதைமை. பானை வனையுற குயவர் செய்கை. மரத்துக்கு மரம் தாவுற குரங்கு உணர்வு. வள்ளத்துல போற ஆள்கள் அருவுரு, அதாவது மனசும் உடம்பும். ஜன்னல் வச்ச ஆளில்லாத வீடு வாயில், அதாவது ஐம்புலனும் மனசும். ஊறுன்னா இங்க கேடு இல்ல, தொடுகை. ‘சுவைஒளி ஊறுஓசை நாற்றம்’னு குறள்ல படிச்ச அதே ஊறு. கண்ணுல அம்பு தச்ச ஆளு நுகர்வு. கடைசியில பிணம் சுமக்கிறவர் வினைப்பயன், அதாவது மூப்பும் சாவும். வண்டியில போற மூணு நாள்ல இந்தப் பன்னிரண்டையும் மனப்பாடம் பண்ணிருங்க, பாதிப் பாடம் முடிஞ்சுது.

வாதமும் அப்படித்தான். துறவிகள் முற்றத்துல கைதட்டி வாதம் பண்ணுறதப் பாப்பீங்க. நிக்கிறவர் கேக்கிறவர், உக்காந்திருக்கிறவர் பதில் சொல்லுறவர். அவர் நீளமா பேச முடியாது: ஒத்துக்கிடுதேன், ஏன், ஏது (அதாவது காரணம்) பொருந்தல, ஏது இருந்தாலும் முடிவு வராது, அவ்வளவுதான். பக்கம், ஏது, திட்டாந்தம்னு, அதாவது சொல்ல வந்தது, காரணம், உதாரணம்னு, மணிமேகலையோட கடைசிக்கு முந்தின காதையில இந்தத் தருக்கம் முழுசா இருக்கு. இந்த மலையில தீ இருக்கு, ஏன்னா புகை இருக்கு, அடுக்களை மாதிரி. அடுக்களைன்னு நம்ம வீட்டுல இன்னைக்கும் சொல்லுற அதே சொல்லு. பெண்பிள்ளைகளுக்கு ஒரு தகவல்: இந்த வாதக் கல்வியோட உச்சப் பட்டமான கெஷேமாவ 2016ல ஒரே நேரத்துல 20 பிக்குணிகள் வாங்குனாங்க.

நோட்டுல சொன்னதெல்லாம் எழுதாதீங்க. ஒரு பாடத்துக்கு ஒரு கேள்வி எழுதுங்க, கலந்துரையாடல்ல கேக்க அதுதான் உதவும். மனநலத்துக்கு மருந்து எடுக்கிறவங்க விண்ணப்பத்துலயே சொல்லிருங்க, டாக்டர் கிட்ட கேக்காம நிறுத்தாதீங்க. பேச்சில்லாத நாள்கள் சிலருக்கு பதட்டத்தக் கூட்டும்.

அப்புறம் வீடு. போன் அணைஞ்சு கெடந்தா ரெண்டாம் நாளே அம்மா பதறிருவாங்க. கிளம்புறதுக்கு முன்னால மைய அலுவலக நம்பர், போன் கொடுக்கிற தேதி, திரும்ப வாங்குற தேதி மூணையும் காலண்டர்லயே எழுதி, அடுக்களைச் சுவர்ல மாட்டிட்டுப் போங்க.