உனக்கு இஷ்டமில்லாத இடத்துக்கு

இயேசு கிறிஸ்துவின் இனிய நாமத்தில் உங்கள் எல்லாருக்கும் வாழ்த்துகள். ஆயர் ஐயாவுக்கும், கூட்டத்தை ஒழுங்கு செய்த வாலிபப் பிள்ளைகளுக்கும் என் நன்றி.

‘அர்ப்பணிப்பு’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். கன்வென்ஷன் கூட்டங்களில் கடைசி இரவு, கடைசிப் பாட்டு பாடும்போது, “ஒப்புக்கொடுக்கிறவர்கள் முன்னே வாருங்கள்” என்று அழைப்பார்கள். அப்படி முன்னே போய் முழங்காலில் நின்று அழுதவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். அந்தக் கண்ணீர் மெய்யானது, அதை நான் குறைத்துப் பேச வரவில்லை. ஆனாலும் ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. எதைக் கொடுப்பது என்பதை நாமே தீர்மானித்துக்கொண்டுதான் முன்னே போகிறோம். பாடுகிறேன், ஊழியத்துக்குப் போகிறேன், வடக்கே மிஷனெரியாகப் போகிறேன் என்கிறோம். ஆண்டவர் வேறொன்றைக் கேட்டால்?

யோவான் 21-ஆம் அதிகாரத்தில் பேதுருவிடம் ஆண்டவர் அதைத்தான் பேசுகிறார். ‘நீ இளவயதுள்ளவனாயிருந்தபோது உன்னை நீயே அரைகட்டிக்கொண்டு, உனக்கு இஷ்டமான இடங்களிலே நடந்து திரிந்தாய், நீ முதிர்வயதுள்ளவனாகும்போது உன் கைகளை நீட்டுவாய், வேறொருவன் உன் அரையைக் கட்டி, உனக்கு இஷ்டமில்லாத இடத்துக்கு உன்னைக் கொண்டுபோவான்.’ இதைச் சொல்லிவிட்டு உடனே, ‘என்னைப் பின்பற்றி வா’ என்கிறார். இஷ்டமில்லாத இடம் என்று முதலிலேயே சொல்லி அழைக்கிறார், மறைக்கவில்லை.

இந்த வசனத்தை ஒருவருடைய வாழ்க்கையில் வைத்துப் பார்க்கலாம். நம் திருநெல்வேலிச் சீமையில் டோனாவூர் இருக்கிறது, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில். அங்கே வாழ்ந்த எமி கார்மைக்கேல் அம்மையாரின் பெயர் உங்களுக்குத் தெரியும். 1867-இல் வட அயர்லாந்தில் பிறந்தவர். 1895-இல் இந்தியாவுக்கு வந்தார். அதற்குப் பிறகு ஒரு விடுமுறைக்குக்கூட ஊர் திரும்பவில்லை. ஆரம்பத்தில் அவருடைய ஊழியம் என்ன தெரியுமா? மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போய்ச் சுவிசேஷம் சொல்வது. தமிழ்ப் பெண்கள் சிலர் கூடவே போவார்கள். அந்த ஊழியத்தை அவர் உயிராக நேசித்தார்.

1901 மார்ச்சில் பண்ணைவிளையில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி அவரிடம் வந்து சேர்ந்தாள். கோயிலுக்குத் தேவதாசியாகப் பொட்டுக்கட்டி விடுவதற்காக வைத்திருந்த பிள்ளை. முன்பு ஒருமுறை தப்பித் தூத்துக்குடியில் இருந்த அம்மாவிடம் ஓடிப்போயிருக்கிறாள். அங்கிருந்து திருப்பிக் கொண்டுவந்து, தண்டனையாகக் கையில் சூடு வைத்திருக்கிறார்கள். இந்த வழக்கத்தை எதிர்த்து டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போன்றவர்கள் நீண்ட காலம் போராடிய பிறகு, 1947-இல்தான் சென்னை மாகாணத்தில் அதைத் தடுக்கச் சட்டம் வந்தது. அப்படியானால் 1901-இல் அந்தப் பிள்ளைக்கு யார் இருந்தார்கள்?

அவளுக்குப் பிறகு இன்னும் பல பிள்ளைகள் வந்தார்கள். கைக்குழந்தைகளும் வந்தார்கள். இனி வண்டி கட்டிக்கொண்டு எப்படிப் புறப்படுவது? பால் காய்ச்ச வேண்டும், துணி அலச வேண்டும், ராத்திரி முழுக்க மடியில் போட்டுத் தட்ட வேண்டும், நகம் வெட்ட வேண்டும். ‘இத்தனை ஊழியத்தை விட்டுவிட்டு நான் வெறும் ஆயாவாக இருக்கலாமா?’ என்ற கேள்வி அவருக்குள்ளேயே எழுந்தது. நம்மில் யாருக்குத்தான் எழாது? கர்த்தருக்கென்று ஊர்விட்டு ஊர் வந்தவரை ஒரு தொட்டில் கட்டிப்போடுகிறது. துண்டை அரையில் கட்டிக்கொண்டு சீஷருடைய கால்களைக் கழுவின ஆண்டவரை நினைத்தபோதுதான் அவருக்குப் பதில் கிடைத்தது. அதன் பிறகு அவர் அந்தக் கேள்வியோடு போராடவில்லை.

சரி, எமி அம்மையாரைப் பற்றிப் பேசுகிறவர்கள் அநேகர். பொன்னம்மாளைப் பற்றி யார் பேசுகிறார்கள்? எனக்கு அது பெரிய குறையாகவே படுகிறது. இளம் விதவை; அந்த வண்டி ஊழியத்தில் கூடவே போனவர். அவர் போட்டிருந்த நகைகளைப் பார்த்து ஒரு சிறு பிள்ளை, ‘நானும் பெரியவளானால் இந்தக் கூட்டத்தில் சேர்ந்து இப்படி நகை போடுவேன்’ என்று சொன்னது அவர் காதில் விழுந்தது. நாம் சொன்ன சுவிசேஷத்தில் இந்தப் பிள்ளைக்குக் கேட்டது இதுதானா என்று அவர் கலங்கினார். நகைகளைக் கழற்றிவிட்டார். நகையில்லாத கழுத்தைப் பார்த்தால் நம் ஊர் என்ன பேசும், சொந்தக்காரர்கள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வார்கள் என்பதெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் அவர் செய்தது இதைவிடப் பெரிது. டோனாவூரில் அப்போது வைத்தியர் இல்லை. நோய்வாய்ப்பட்ட கைக்குழந்தைகளுக்காக, மிஷன் ஆஸ்பத்திரி இருந்த நெய்யூரில் ஒரு வீடு எடுத்தார்கள். அதைப் பொன்னம்மாளே பொறுப்பேற்று நடத்தினார். ஒரு சமயம் சீதபேதி பரவிக் குழந்தைகள் ஒவ்வொன்றாக இறந்தார்கள். நேற்று ராத்திரி மடியில் கிடந்த பிள்ளையை இன்றைக்கு அடக்கம் செய்துவிட்டு வந்து, அடுத்த பிள்ளைக்குப் பால் கலக்க வேண்டும். அதைச் செய்தார். 1915-இல் புற்றுநோயால் இறந்துபோனார். அவருக்கு மேடை இல்லை, பிரசங்கம் இல்லை. டோனாவூர்ப் பிள்ளைகள் இல்லத்தின் அஸ்திவாரத்தில் அவருடைய உழைப்பு எவ்வளவு இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

எமி அம்மையாரிடம் ஆண்டவர் இன்னொரு முறையும் கேட்டார். 1931-இல் ஒரு நாள் காலை, ‘உமக்கு நன்றாய் ஊழியம் செய்ய உதவுகிற எதையும் எனக்குச் செய்யும்’ என்ற கருத்தில் ஜெபித்தார். அன்றைக்கே களக்காட்டில், வைத்திய ஊழியத்துக்காக எடுத்திருந்த வீட்டைப் பார்க்கப் போனார். இருட்டுகிற நேரம். தப்பான இடத்தில் தோண்டியிருந்த குழி கண்ணில் படவில்லை. விழுந்து கால் முறிந்தது. சுகமாகி எழுந்துவிடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். 1951-இல் கர்த்தருக்குள் நித்திரையாகும் வரைக்கும், ஏறக்குறைய 20 வருஷம், பெரும்பாலும் அந்த ஒரே அறைதான். வலியோடே எழுதினார், பிள்ளைகளைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கூப்பிட்டுப் பேசினார், ஜெபித்தார்.

அந்தக் குழியைக் கர்த்தர்தான் தோண்டினார் என்று நான் சொல்லமாட்டேன். பக்கத்து வீட்டுத் துன்பத்துக்கு அப்படி விளக்கம் கொடுக்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். விழுந்த பிறகும், காலையில் செய்த ஜெபத்தை அவர் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. நான் உங்களுக்குக் காட்ட விரும்புவது அதை மட்டும்தான்.

பேதுரு என்ன செய்தான்? திரும்பிப் பார்த்து, யோவானைக் காட்டி, ‘ஆண்டவரே, இவன் காரியம் என்ன’ என்று கேட்டான். நம் வாலிபர்களுக்கு இந்தக் கேள்வி நன்றாகத் தெரியும். கூடப் படித்தவன் பெரிய ஊழியக்காரன் ஆகிவிட்டான், நான் படுத்த படுக்கையாக இருக்கும் அப்பாவோடு வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன் என்று ஒரு தம்பி என்னிடம் சொன்னார். ‘உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றிவா’ என்று ஆண்டவர் பேதுருவுக்குச் சொன்னதை அந்தத் தம்பிக்கு வாசித்துக் காட்டினேன். அதோடு விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

அதனால் ஆயர் ஐயாவிடம் ஒன்று கேட்டிருக்கிறேன், அவரும் சம்மதித்திருக்கிறார். இந்தச் சபையிலும் நோயாளியைப் பார்த்துக்கொண்டு, ஆராதனைக்குக்கூட வர முடியாமல் வீட்டில் இருக்கிறவர்கள் உண்டு. ‘நான் ஒன்றுமே செய்யவில்லையே’ என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த புதன்கிழமை ஜெபக்கூட்டத்தை அந்த வீடுகளில் ஒன்றில் வைத்துக்கொள்வோம். வாலிபப் பிள்ளைகள் ஒரு மணி நேரம் முன்னதாகவே போங்கள். பாட்டுப் புத்தகம் அப்புறம் எடுக்கலாம்; முதலில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, அந்தப் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவரைப் பார்த்துக்கொள்கிற அக்காவைக் கொஞ்சம் தூங்கச் சொல்லுங்கள்.