வாட்டர்லூ வீரனுக்குக் கரடித்தோல் தொப்பி வைக்கலாமா?

அடுத்த கேள்வி. ஒரு நேயர் 28 மி.மீ. அளவில் 1815 வாட்டர்லூ போரின் பிரிட்டிஷ் முதலாம் ஃபுட் கார்ட்ஸ் (காலாட்காவல் படைப்பிரிவு) வீரர்களின் சிறு பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டி, எல்லோருக்கும் உயரமான கரடித்தோல் தொப்பி வைத்திருக்கிறார். அது தப்பு என்று நண்பர் சொன்னாராம். "உண்மையா? இந்த அளவுக்கெல்லாம் பார்க்க வேண்டுமா?" என்று கேட்கிறார்.

நண்பர் சொன்னது சரிதான். அன்று அவர்கள் தலையில் இருந்தது ஷாக்கோ என்ற உருளை வடிவப் படைத்தொப்பி, அதுவும் 1812-இல் வந்த, முன்பக்கம் மட்டும் உயர்ந்து நிற்கிற வகை. நெப்போலியனின் காவல்படையை முறியடித்த பிறகுதான் அந்தப் படைப்பிரிவுக்கு 'கிரெனடியர்' என்ற பட்டம் வந்தது, முழுப் படைப்பிரிவுக்கும் கரடித்தோல் தொப்பியும் வந்தது. அதாவது, போரில் ஜெயித்ததற்காகக் கிடைத்த தொப்பியைப் போருக்கு முன்பே மாட்டிவிட்டீர்கள்! கவலை வேண்டாம், தலையை மட்டும் வெட்டி மாற்றிக்கொள்ளலாம். முந்தின இரவு கொட்டிய மழையை நினைத்து ஷாக்கோவுக்கு எண்ணெய்த்துணி உறை போட்டுவிட்டால் தொப்பியின் முன்னால் இருக்கும் சின்னத் தகட்டை வரைகிற வேலையும் மிச்சம்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். சீருடையில் விதிப்புத்தகம் சொல்வது ஒன்று, களத்தில் நடந்தது இன்னொன்று. ஸ்பெயின் போர்க்களங்களில் கிழிந்த கால்சட்டைக்குப் பதிலாக அங்கே கிடைத்த பழுப்புத் துணியில் தைத்துப் போட்டுக்கொண்டார்கள். ஆளுக்கு அறுபது தோட்டா இருந்தால் போதும், கால்சட்டை கறுப்பா, நீலமா, சாம்பலா என்று பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் பார்க்கவே மாட்டார் என்று கனாட் ரேஞ்சர்ஸ் படைப்பிரிவின் அதிகாரி வில்லியம் கிராட்டன் எழுதியிருக்கிறார். அதனால் அணியில் இரண்டு பேர் பழுப்புக் கால்சட்டையோடு நின்றால் அதைத் தப்பு என்று சொல்லமாட்டேன். எல்லோரும் ஒரே மாதிரி பளபளவென்று நின்றால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

சிவப்பு நிறத்தில் மட்டும் கொஞ்சம் மெனக்கெடுங்கள். சாதாரண வீரரின் கோட்டுக்கு மேடர் வேர்ச் சாயம், அதனால் செங்கல் சாயலில் மங்கலாக இருக்கும். அதிகாரியின் கோட்டுக்குக் கொச்சினீல் பூச்சிச் சாயம், அது பளிச்சென்ற சிவப்பு. ஒரே குப்பியிலிருந்து இருவருக்கும் பூசாதீர்கள். இந்த வித்தியாசம் மேசைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தாலே தெரியும்.

ஆனால் மார்பில் பொத்தான்களை ஒட்டித் தைத்திருக்கும் அலங்காரப் பட்டிகளுக்காகக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பல படைப்பிரிவுகளின் வெள்ளைப் பட்டிக்குள் அவர்களுக்கே உரிய நிறக்கோடு ஓடும், உண்மைதான். நிஜத்தில் பட்டியே ஏறக்குறைய அரை அங்குலம். 28 மி.மீ. உருவத்தில் அது 0.2 மி.மீ. வரும், அதற்குள் இன்னொரு கோடா? வெள்ளை போதும். 54 மி.மீ. உருவமென்றால் முயற்சி செய்து பாருங்கள். அதைவிடக் கழுத்துப்பட்டையும் கைமடிப்பும் எந்த நிறம் என்பதைச் சரிபாருங்கள். ராயல் என்று பெயர் பெற்றவர்களுக்கு நீலம், மற்றவர்களுக்கு மஞ்சள், பச்சை என்று மாறும். எந்தப் படைப்பிரிவு என்று பார்ப்பவர் முதலில் கண்டுபிடிப்பது அதை வைத்துத்தான்.

சரி, அடுத்த கேள்வி குதிரைகளைப் பற்றி.