பூனைக்கு விரதம் ஆகாது

நேயர்களுக்கு வணக்கம். நான் 38 ஆண்டு தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அதில் பாதிக்கு மேல் முதியோர் வார்டில். மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி ஏற்றுவது, உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று தாளில் குறிப்பது எல்லாம் கை பழகிய வேலைகள். பார்க்க வரும் பிள்ளைகளிடம், “அம்மா வீட்டில் எத்தனை கரண்டி சாப்பிட்டார்?” என்று கேட்டுக் கேட்டே என் காலம் போனது. அப்படிப்பட்டவளின் வீட்டிலேயே ஒரு ஜீவன் ஆறேழு நாள் வாயில் எதையும் வைக்காமல் கிடந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை.

அவள் பெயர் குண்டுமணி. கறுப்பும் செம்பட்டையும் கலந்த நிறம். பெயருக்கு ஏற்ற உடம்பும் உண்டு, ஆறு கிலோ 200 கிராம். 2012-இல் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில், மழையில் நனைந்த குட்டியாகக் கிடைத்தாள். அப்போதெல்லாம் சிங்கப்பூரில் வீவக வீட்டில், அதாவது அரசாங்க அடுக்குமாடி வீட்டில், பூனை வளர்க்கக்கூடாது. யாராவது அழைப்புமணியை அடித்தால் என் கணவர் அவளைத் தூக்கிக்கொண்டு படுக்கையறைக்கு ஓடுவார். 2024 செப்டம்பர் 1-ஆம் தேதிதான் சட்டம் மாறியது. வீட்டுக்கு இரண்டு பூனை வைத்துக்கொள்ளலாம், உரிமமும் மைக்ரோசிப்பும் வேண்டும். 12 வயதுக் கிழவிக்கு அப்போதுதான் குடியுரிமை கிடைத்தது என்று வீட்டில் சிரித்துக்கொண்டோம். எங்களிடம் இரண்டு பூனைகள். இன்னொருவன் சின்னவன், மூன்று வயது.

அந்த ஆண்டு நவம்பரில் ஒரு கல்யாணத்துக்காக நாங்கள் இருவரும் தஞ்சாவூர் போனோம். பத்து நாள். எதிர்வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுத்தோம். காலையும் மாலையும் வந்து தட்டில் தீனி வைத்து, தண்ணீர் மாற்றி, மண்தட்டைச் சுத்தம் செய்துவிட்டுப் போவார். தினமும் வாட்ஸ்அப்பில் படம் வரும், தட்டு காலி, பளபளவென்று. “நன்றாகச் சாப்பிடுகிறார்கள், கவலைப்படாதே” என்று எழுதுவார். அவர் பொய் சொல்லவில்லை. தட்டு காலியாகத்தான் இருந்தது. இரண்டு பேர் பங்கையும் ஒருவனே தின்றிருக்கிறான். திரும்பி வந்தபோது சின்னவன் உருண்டு திரண்டு இருந்தான்.

குண்டுமணி வாசலுக்கு வரவில்லை. சலவை இயந்திரத்தின் பின்னால் உட்கார்ந்திருந்தாள். தூக்கினால் கனம் இல்லை. குளியலறைத் தராசில் அவளோடு ஒருமுறை, அவள் இல்லாமல் ஒருமுறை ஏறிக் கழித்துப் பார்த்தேன். ஐந்து கிலோ. பயணக் களைப்பில் எனக்கு முதலில் தோன்றியது, கோபம் போலிருக்கிறது, விட்டுவிட்டுப் போனதற்கு முறுக்கிக்கொண்டிருக்கிறாள் என்பதுதான். சமையலறையில் எரிந்தது வெள்ளைக் குழல்விளக்கு. அந்த வெளிச்சத்தில் மஞ்சள் தெரியாது. இது எனக்குத் தெரிந்த விஷயம், எத்தனையோ புதுத் தாதிகளுக்குச் சொல்லிக் கொடுத்தது. மறுநாள் காலை ஏழரை மணிக்கு அவளைத் தாழ்வாரத்துக்குத் தூக்கிப் போய், வெயிலில் காது மடலைப் பிரித்துப் பார்த்தேன். உள்பக்கம், முடி இல்லாத இடம், மாம்பழத் தோல் நிறம். உதட்டைத் தூக்கினால் ஈறு மஞ்சள். மேல் இமையை இழுத்தால் விழி ஓரம் மஞ்சள்.

டாக்டர் சின்னப் பெண். சீனப் பெண், என் மகளைவிட வயது குறைவு. ரத்தம் எடுத்தார், ஸ்கேன் பார்த்தார், அப்புறம் ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். அதை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன்.

பூனை என்பது முழுக்க முழுக்க மாமிசத்தில் வாழப் பிறந்த உடம்பு. நாம் ஏகாதசி இருக்கலாம், கிருத்திகை இருக்கலாம். சாப்பிடாவிட்டால் சேர்த்துவைத்த கொழுப்பை உடம்பு எடுத்துச் செலவழிக்கும். பூனையின் உடம்பும் கொழுப்பை எடுக்கும், எடுத்துக் கல்லீரலுக்கு அனுப்பும். ஆனால் வந்த கொழுப்பைப் பொட்டலம் கட்டி வெளியே அனுப்பக் கல்லீரலுக்குப் புரதம் வேண்டும். அது அன்றாடம் சாப்பாட்டிலிருந்து வரவேண்டியது. சாப்பாடு நின்றால் பொட்டலம் கட்ட ஆள் இல்லை, சரக்கு மட்டும் வந்து குவிகிறது. கல்லீரல் செல்களுக்குள் கொழுப்பு அடைத்து, பித்தம் போகிற வழி நெருக்கப்பட்டு, மஞ்சள் உடம்பில் ஏறுகிறது. ஹெப்பாடிக் லிப்பிடோசிஸ் என்பார்கள். குண்டுப் பூனைக்கு ஆபத்து இன்னும் அதிகம், அனுப்புவதற்குக் கொழுப்பு நிறைய இருக்கிறதே! இரண்டு மூன்று நாள் பட்டினியே இதைத் தொடங்கிவைக்கப் போதும். இதில் கொடுமை என்னவென்றால், கல்லீரல் கெட்டதும் குமட்டல் வருகிறது, குமட்டல் வந்ததும் இன்னும் சாப்பிட மறுக்கிறது.

மாமல்லபுரத்தில் அந்தப் பெரிய பாறைச் சிற்பத்தில் ஒரு பூனை ஒற்றைக்காலில் நிற்கிறவர்களைப் போலக் கைதூக்கித் தவம் செய்யும், சுற்றி எலிகள் நிற்கும். பார்த்திருப்பீர்கள். நிஜப் பூனை அந்தத் தவத்தை நாலு நாள் செய்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும்.

பெரும்பாலும் இந்த நோய் தனியாக வருவதில்லை, பின்னால் வேறொன்று இருக்கும் என்றார் டாக்டர். கணையத்தில் அழற்சி, குடலில் அழற்சி, நீரிழிவு, சிலவற்றுக்கு வீடு மாறுவது, பழகியவர்கள் காணாமல் போவது. குண்டுமணிக்குப் பித்தக் குழாய்களில் அழற்சி இருந்தது. அதனால்தான் முதலில் சாப்பாட்டை நிறுத்தியிருக்கிறாள். நாங்கள் ஊருக்குப் போனது அதன்மேல் சேர்ந்துகொண்டது.

அப்போது எதிர்வீட்டு அக்கா கீழாநெல்லியோடு வந்தார். தொட்டியில் வளர்க்கிறார். மஞ்சள் காமாலை என்றால் நம் வீடுகளில் கை முதலில் போகும் இடம் அதுதானே. அரைத்து மோரில் கலந்து கொடுக்கலாம் என்றார். மனிதருக்கு அது எவ்வளவு உதவும் என்பது வேறு பேச்சு. பூனையின் கல்லீரலுக்கு நம் கல்லீரலில் இருக்கிற சில கருவிகள் பிறவியிலேயே குறைவு, பல பொருள்களை அதனால் முறித்து வெளியேற்ற முடியாது. காய்ச்சலுக்கு நாம் போடும் பனடோல் ஒரே ஒரு மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். வெங்காயமும் பூண்டும் சிவப்பணுக்களை உடைக்கும், அதனாலும் மஞ்சள் வரும். குழம்பில் கிடந்த மீனைக் கழுவிப் போடுகிறவர்கள் இருக்கிறோம், தயவுசெய்து வேண்டாம். நான் கீழாநெல்லியைக் கொடுக்கவில்லை. தொட்டியை மட்டும் வாங்கி வாசலில் வைத்துக்கொண்டேன்.

சரி, வைத்தியம். மூன்று நாள் சொட்டுமருந்து ஏற்றினார்கள், குமட்டலுக்கு ஊசி போட்டார்கள். கல்லீரல் கெட்டால் ரத்தம் உறைவது தாமதப்படும், அதற்கு வைட்டமின் கே. பிறகு சிறிது நேரம் மயக்கம் கொடுத்து, கழுத்தின் பக்கவாட்டில் ஒரு துளை வழியாக உணவுக்குழாய்க்குள் ஒரு குழாயைப் பொருத்தினார்கள். என் கணவர் அதைப் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இந்த வயதில் அவளை ஏன் இப்படி வதைக்கிறாய் என்று கேட்டார். எனக்கு நேர்மாறாகத் தோன்றியது. வாயைப் பிளந்து சிரிஞ்சால் ஊட்டுவதுதான் வதை. அப்படி ஊட்டினால் சாப்பாட்டைக் கண்டாலே வெறுப்பு வந்துவிடும், புரைக்கேறினால் நுரையீரலுக்குள் போகும். குழாயில் போவது அவளுக்குத் தெரியக்கூடத் தெரியாது.

ஆனால் ஒன்று, நெடுநாள் பட்டினி கிடந்த உடம்புக்கு முதல் நாளே வயிறு நிறையக் கொடுத்துவிடக்கூடாது. ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரேலென்று இறங்கும், இதயம் தடுமாறும். வார்டில் எலும்பும் தோலுமாக வந்த தாத்தாக்களிடம் இதைப் பார்த்திருக்கிறேன். பூனைக்கும் அதே கணக்குதான். அவளுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 220 கலோரி தேவை, முதல் நாள் கொடுத்தது அதில் கால் பங்கு. ஐந்தாவது நாள்தான் முழு அளவு.

வீட்டுக்கு வந்த பிறகு எங்கள் நாள் ஐந்தாகப் பிரிந்தது. காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு, இரவு பத்து. திரவ உணவைக் கிண்ணத்தில் ஊற்றி, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் அந்தக் கிண்ணத்தை வைத்து, என் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பேன், குழந்தைக்குப் பால் பார்க்கிற மாதிரி. முதலில் வெதுவெதுப்பான தண்ணீர் 5 மில்லி, அப்புறம் உணவு 45 மில்லி, அப்புறம் மறுபடி தண்ணீர். கடைசித் தண்ணீரை மறந்தால் குழாய் அடைத்துக்கொள்ளும். ஒருமுறை மறந்தேன், முக்கால் மணி நேரம் வெந்நீரோடு போராட்டம். 45 மில்லியைக் கால் மணி நேரம் எடுத்துக் கொடுக்கவேண்டும், அவசரப்பட்டால் எல்லாம் வெளியே வந்துவிடும். என் கணவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, “நிறுத்து... இப்போது தள்ளு” என்பார். வதைக்கிறாய் என்று சொன்ன அதே மனிதர். குழாயை மூட, என் பழைய பருத்திப் புடவையைக் கிழித்துக் கழுத்துப்பட்டை தைத்தேன். சுங்குடிப் புடவை. அவளுக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது.

ஒரு ராத்திரி அவள் வாயில் எச்சில் வடிய, சுவரைப் பார்த்தபடி அசையாமல் நின்றாள். கூப்பிட்டால் திரும்பவில்லை. கல்லீரல் வடிகட்டாத அம்மோனியா மூளைக்கு ஏறினால் இப்படி ஆகும். லாக்டுலோஸ் கொடுத்தார்கள், மலச்சிக்கலுக்கு நம் வீட்டுப் பெரியவர்கள் குடிக்கிற அதே இனிப்புப் பாகு. இரண்டு நாளில் தெளிந்தாள். இந்த மாதிரிக் கட்டத்தில்தான் புரதத்தைக் குறைப்பார்கள். மற்றபடி கல்லீரல் நோய் என்றதும் பூனைக்கு இறைச்சியை நிறுத்திவிட்டுக் கஞ்சி ஊற்றுவது அதைப் பட்டினி போடுவதற்குச் சமம்.

செலவைக் கேட்பீர்கள். பல ஆயிரம் வெள்ளி. எங்களால் முடிந்தது, எல்லோராலும் முடியாது. முடியாதவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது.

இருபத்து நாலாவது நாள் மாலை. நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன், அடுப்படி மேடையில் அவித்த கோழி ஆறிக்கொண்டிருந்தது. காலடியில் சத்தம். குழாயும் சுங்குடிப் பட்டையுமாக நின்று, மூக்கை மேலே நீட்டிக்கொண்டிருந்தாள். ஒரு நார் பிய்த்துத் தரையில் வைத்தேன். முகர்ந்தாள், நக்கினாள், போய்விட்டாள். பிறகு திரும்பி வந்து தின்றாள். உணவைத் தானாகத் தொட்ட பிறகும் அவசரப்பட்டுக் குழாயை எடுக்கவில்லை, இன்னும் மூன்று வாரம் இருந்தது. இந்த நோயில் விடாமல் உணவு கொடுத்தால் பாதிக்கு மேற்பட்ட பூனைகள் தேறிவிடுகின்றன, கொழுப்பு அடைத்த கல்லீரல் மறுபடி பழைய நிலைக்கு வருகிறது.

பித்தக் குழாய் அழற்சி மட்டும் போகவில்லை. அதற்கு ஸ்டீராய்டு, பித்தம் இளக ஒரு மாத்திரை, மாதம் ஒருமுறை பி12 ஊசி. அதன்பிறகு 11 மாதம் இருந்தாள். இரண்டாம் முறை மஞ்சள் ஏறியபோது வயிற்றில் நீரும் கட்டியிருந்தது. மறுபடி குழாய் போடலாமா என்று டாக்டர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கோழியை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வார்டில் அந்த முகத்தை நிறையப் பார்த்திருக்கிறேன். டாக்டரை வீட்டுக்கே வரச்சொன்னோம். சலவை இயந்திரத்தின் மேலே துண்டை விரித்து, அவளுக்குப் பிடித்த இடத்திலேயே ஊசி போட்டார். என் கணவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

இப்போது வீட்டில் சின்னவன் ஒருவன்தான். இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை தோறும் அவனைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறுகிறேன். இரண்டு பூனை இருக்கிற வீட்டில் தனித்தனி அறையில் தட்டு வையுங்கள். ஊருக்குப் போகும்போது, பார்த்துக்கொள்கிறவரிடம் தட்டைப் படம் எடுக்கச் சொல்லாதீர்கள். பூனை சாப்பிடுகிறதா என்று நின்று பார்க்கச் சொல்லுங்கள்.

எதிர்வீட்டு அக்கா காலையில் வானொலியைச் சத்தமாக வைப்பவர். தாழ்வாரம் முழுக்கக் கேட்கும். இதையும் கேட்டுக்கொண்டிருப்பார். அக்கா, ஒரு வருஷத்துக்கு மேல் நீங்கள் எங்கள் வாசலைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டு போகிறீர்கள். தனித்தனியாக வையுங்கள் என்று நான் உங்களிடம் சொல்லவே இல்லை. நீங்கள் எப்படித் தெரிந்துகொள்வீர்கள்? உங்கள் கீழாநெல்லித் தொட்டி இன்னும் என் வாசலில்தான் இருக்கிறது. நன்றாகத் தழைத்துவிட்டது. சாயங்காலம் வந்து எடுத்துக்கொண்டு போங்கள். வடை சுடுகிறேன்.

வணக்கம்.