முறைத் தண்ணீர் உறுதியானால் வயலும் காயும்

அவைத் தலைவர் அவர்களே, வேளாண் துறை அதிகாரிகளே, பாசன சங்கத் தலைவர் அவர்களே, பொன்னாடை போர்த்திய இளைஞர் மன்றத்தாரே, வயல் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் உழவர் பெருமக்களே, வணக்கம். தலைவர் தம் உரையைச் சுருக்கி எனக்கு நேரம் தந்தார். அந்தப் பெருந்தன்மைக்கு ஒரு கைதட்டல் தரலாம்.

யூரியா, மாடு, தண்ணீர் ஆகிய மூன்றைப் பற்றிப் பேச வந்தேன். உழவுத் தொழிலில் பூமியைச் சூடாக்கும் வாயுவும் உழவரின் வீண்செலவும் பெரும்பாலும் இந்த மூன்று வாசல்களில்தான் வெளியேறுகின்றன. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று சொல்லாமல் நான் எந்த மேடையைவிட்டும் இறங்கியதில்லை. பயிர் எடுத்துக்கொள்ளாத யூரியாவில் ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாகிறது. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட 273 மடங்கு சூடேற்றும் என்கிறது ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2021 அறிக்கை. பச்சை நிறப் படிகள் கொண்ட இலை வண்ண அட்டையைப் பயிரின் இலையோடு வைத்துப் பாருங்கள். பச்சை வெளிறினால் மட்டும் யூரியா இடுங்கள். மாட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நெல் வயலில் தண்ணீர் தேங்கினால் காற்றில்லாத சேற்றில் நுண்ணுயிர்கள் மீத்தேன் என்ற சூடேற்றும் வாயுவை உண்டாக்கும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைக் காயவிட்டுக் காயவிட்டு நீர் விட்டால் அந்த மீத்தேன் ஏறக்குறைய பாதியாகும். தண்ணீரும் டீசலும் மிச்சம், மகசூலும் குறையாது. துளையிட்ட குழாயை வயலில் புதைத்து, அதற்குள் தெரியும் நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் பாய்ச்ச வேண்டும். பூக்கும் பருவத்தில் மட்டும் காயவிடக் கூடாது.

எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படிக் குழாய் புதைத்தார். விடிந்தால் வயல் நிறையத் தண்ணீர்! மடையை அடைத்தார், மறுநாளும் தண்ணீர். மூன்றாம் நாள் இரவு டார்ச் விளக்கோடு வரப்போரம் படுத்துக்கொண்டார். நள்ளிரவில் மண்வெட்டியோடு ஓர் உருவம் வந்தது. திருடன் என்று விளக்கை அடித்தால், மாமனார்! "மாப்பிள்ளை, 'உங்கள் மருமகனுக்குத் தண்ணீர் பாய்ச்சத் தெரியாதா' என்று ஊரே என்னைக் கேட்கிறது. நான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது?" என்றாராம். மருமகன் அவரைப் பக்கத்து வயலுக்கு இழுத்துப் போனார். அங்கே மேல்மண் வெடித்திருந்தது. அங்கே புதைத்திருந்த குழாய்க்குள் ஒரு குச்சியை விட்டு எடுத்தார், நுனி நனைந்திருந்தது. பெரியவர் குச்சியைத் தடவிப் பார்த்துவிட்டு, "சரி மாப்பிள்ளை, நாளைக்கு வாய்க்காலில் தண்ணீர் வருமா?" என்றார்.

சிரிக்கிறீர்கள். அந்தக் கேள்விக்கு மருமகனிடம் பதில் இல்லை. அதிகாரிகளே, உங்களிடம் இருக்கிறதா? வாய்க்காலில் முறை வைத்து விடும் தண்ணீர் அடுத்து எப்போது வரும் என்று தெரியாதவன், வந்த தண்ணீரை வயலில் தேக்கத்தான் செய்வான். அவனை நான் குறை சொல்ல மாட்டேன். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சுதான். ஆனால் அளவை அவன் கையில் கொடுத்தோமா? முறைத் தேதியை முன்கூட்டியே எழுதி ஒவ்வொரு மதகிலும் ஒட்டுங்கள். தேதி தவறினால் காரணத்தையும் அங்கேயே எழுதுங்கள்.

தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். மாடு அடுத்த கூட்டத்துக்குக் காத்திருக்கட்டும். இந்தக் கோரிக்கையோடு மனு ஒன்று வாசலில் இருக்கிறது. வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருக்கும் கடைமடைக்காரர்கள் முதலில் கையெழுத்திடுங்கள், மற்றவர்கள் வழிவிடுங்கள்.